சபைப் பணியும் சலேத்மேரியும்

பாத்திரம் கழுவ உட்காருமுன் சலேத்மேரி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறார். வெயிலுக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். மப்பு நாளிலும் முக்காடு இருந்தது. பாலக்கரையில் அவர்கள் கீழ் வீடு, நான் மாடி. கொல்லைக் குழாய் இருவருக்கும் பொது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கேட்டுவிட்டேன்.

"தெனமும் பூசைக்குப் போறப்ப முக்காடு போடுவேங்க்கா. இப்பப் போக முடியல. அதான் இங்கயே போட்டுக்கிட்டேன்," என்றார் சர்வ சாதாரணமாக.

மாமியார் மதலேனம்மாள் படுக்கையில் விழுந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வலது பக்கம் வராது, பேச்சும் போய்விட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். வீட்டுக்காரர் அருள்ராஜ் டவுன் பஸ் கண்டக்டர். லீவு கிடைக்கிற ஞாயிறு தவிர வீட்டில் பார்க்க முடியாது. குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது, அலசுவது எல்லாம் சலேத்மேரி ஒரே ஆள். நடமாடிய காலத்தில் அந்த அம்மாள் மருமகள் வைத்த குழம்பை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "வாய் அப்படி. மனசு என்னன்னு இன்னும் தெரியல," என்பார் சலேத்மேரி.

அவருடைய ஜெபம் கேட்க வேடிக்கையாக இருக்கும். "ஆண்டவரே, இந்தக் குக்கரைப் பாருங்க, எப்படி அடிப்பிடிச்சிருக்கு" என்று தொடங்கி, அதைத் தேய்த்து முடிக்கும்வரை வீட்டுக்காரருக்காக வேண்டுவார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆள். எனக்கு எது என்று கேட்டேன். "பால் சட்டி. லேசுல போகாது."

இப்படி வாயாடுகிறவர் ஒரு ஞாயிறு மத்தியானம் வாயே திறக்காமல் துணி அலசிக்கொண்டிருந்தார். தலையில் முக்காடு இல்லை. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது.

மாதா கோயிலில் பெண்கள் பக்தசபை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அந்த வாரம் ஆண்டவருக்காகச் செய்த பணியைச் சொல்ல வேண்டும். நோயாளியைப் போய்ப் பார்த்தது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தது, இப்படி. வீட்டுக்காரர் லீவில் இருக்கும் ஞாயிறுகளில் போகிறபோதெல்லாம் "ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன இவர், அன்றைக்கு மாமியாரைக் குளிப்பாட்டியதைச் சொல்லியிருக்கிறார்.

"அது வீட்டு வேலைம்மா. சபைப் பணின்னா வெளியில போய்ச் செய்யணும்," என்றாராம் தலைவி பிலோமி டீச்சர்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம் டீச்சர். நீங்க வந்து என் மாமியாரைக் குளிப்பாட்டுங்க, நான் வந்து உங்க மாமியாரைக் குளிப்பாட்டுறேன். ரெண்டு பேருக்கும் கணக்குல வந்துடும்."

கூட்டமே சிரித்திருக்கிறது. இவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"வேலையை முடிச்சுட்டு ஆண்டவருக்கு ஏதாச்சும் செய்யலாம்னு பாக்குறேங்க்கா. வேலை முடியவே மாட்டேங்குது. உடம்பு அசந்து போவுது. நெசமாவே இதெல்லாம் அவருக்குச் சேராதா?"

மலைக்கோட்டை ஏறிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற என்னிடம் கேட்டால் எனக்கென்ன தெரியும்? பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த டீச்சர்மேல் கோபமும் வந்தது. சபையிலிருந்து பேரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன் என்றார் சலேத்மேரி.

சொல்லியும்விட்டார். டீச்சர் நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை. "அவசரப்படாதீங்க. அடுத்த கூட்டத்தை உங்க வீட்டுலயே வச்சுக்குவோம், அப்புறம் முடிவு பண்ணுங்க," என்று மறு ஞாயிறே சபையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காபி கொடுக்கிற சாக்கில் நானும் போய் வாசற்படியில் நின்றேன். கூடத்தில் மதலேனம்மாளின் கட்டில், சுற்றிலும் பாயில் பெண்கள். பாட்டும் ஜெபமாலையும் முடிந்து ஒவ்வொருவராகத் தங்கள் பணியைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்த கதையைச் சற்று நீட்டிவிட்டார். கட்டில் காலில் சாய்ந்திருந்த சலேத்மேரி அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

"சலேத்மேரி, இந்த வாரம் என்ன பணி செஞ்சீங்க?" என்றார் டீச்சர், நோட்டில் குறித்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல்.

பக்கத்திலிருந்த பெண் அவரைத் தொட்டு எழுப்பப் போனார். அப்போது கட்டிலில் மதலேனம்மாளின் இடது கை மெல்ல எழும்பியது, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவது போல. டீச்சர் நிமிர்ந்து பார்த்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.