கறுப்பு மொசைக் மாடி

அந்த மொட்டை மாடித் தரையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெயில் காய்கிற இடத்தில் எந்தப் புண்ணியவானாவது கறுப்பு மொசைக் போடுவானா? எங்கள் வீட்டுக்கார அம்மா போட்டிருந்தார். கீழே ஹாலுக்கு வாங்கிய கறுப்புச் சில்லுக்கல் மிச்சமாகிவிட்டதாம், வீணாக்க மனசு வரவில்லையாம். சிமென்ட்டில் கலந்து மாடி முழுக்கப் போட்டு, முகம் தெரிகிற மாதிரி பாலீஷும் பிடித்துவிட்டார். பார்க்க அழகுதான். மிதிக்கிறவள் நானல்லவா!

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பக்கத்திலேயே மோட்டார் கம்பெனியில் வேலை. மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும் எங்களுக்கு. குளியலறை மறுகோடியில். நடுவில் அந்தக் கறுப்புத் தரை. சித்திரை பிறந்துவிட்டால் காலைப் பலகாரம் முடிந்த கையோடு அது அடுப்புக்கல் ஆகிவிடும். நான் செருப்புப் போட்டுக்கொண்டு கடந்துவிடுவேன். அப்போதுதான் நடை பழகியிருந்த என் மகளுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? செருப்பை மாட்டிவிட்டால் அடுத்த நொடி கழற்றி எறிவாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், வெளியே ஓடப் பார்ப்பாள். பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே வெந்துகொண்டிருந்தோம்.

வீட்டுக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஏனுங்கக்கா, மாடித் தரைக்கு ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சுக்கட்டுங்களா? சூடு கொறையும். புள்ள வெளிய ஓடுறாளுங்க."

"அடிச்சாப் போச்சு கண்ணு. ஆனா கோயல்ல கம்பம் நட்டுப்போட்டாங்களல்ல? கம்பம் இருக்கறப்ப ஊட்டு வேல எதையுந் தொடக்கூடாதுங்கம்மணி. கம்பம் புடுங்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பி என்கிற திருவிழாவை ஊருக்குச் சாட்டி அறிவித்து, கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள மரக்கம்பத்தை நட்டுவிட்டால், அதைப் பிடுங்கும்வரை யாரும் புதிதாக வீட்டு வேலை தொடங்கமாட்டார்கள். அம்மன் குளிர வேண்டும் என்று, பெண்கள் தினமும் மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீரைக் குடம் குடமாக அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். நானும் பாவாடை கட்டிய வயதிலிருந்து ஊற்றியவள்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, சுண்ணாம்பு வேண்டாம், தண்ணீராவது ஊற்றிக்கொள்கிறேன் என்றேன்.

"தண்ணிக்கு நாம எங்க கண்ணு போறது? கம்பத்துக்கு ஊத்தவே பத்த மாட்டேங்குதுங்க."

கண்ணு, அம்மணி என்று தேன் ஒழுகப் பேசியே இல்லை என்று சொல்லிவிட்டார். முகத்திலடித்தாற்போல் முடியாது என்றிருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். என் கணவர் என்ன சொன்னார் தெரியுமா? "நோம்பி முடியட்டும், உடு." அவருக்கென்ன! தரை ஆறிய பிறகு வீட்டுக்கு வருகிறவர்.

ஒருநாள் மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது. வெளியே வீறிட்ட சத்தம். ஓடினால், மாடி நடுவில் நிற்கிறாள் என் மகள். ஒரு காலைத் தூக்குகிறாள், அதைக் கீழே வைத்துவிட்டு மற்றக் காலைத் தூக்குகிறாள். ஓடிவிட வேண்டும் என்று தெரியவில்லை அந்தப் பச்சை மண்ணுக்கு. அள்ளிக்கொண்டு வந்து பாதங்களைத் தண்ணீரில் வைத்தேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

அழுது அழுது அவள் தூங்கியதும் என் கண்ணில் பட்டது, சாயங்காலம் கம்பத்துக்குக் கொண்டுபோக நான் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்க் குடம். செருப்பை மாட்டிக்கொண்டு தூக்கினேன். மாடிப்படியிலிருந்து தொடங்கி, அவள் நின்ற இடம் வரைக்கும் ஊற்றினேன். பாதிக் குடம் தீர்ந்தது. வயிற்றெரிச்சல் தீரவில்லை.

மஞ்சள் தண்ணீர் மாடிக்குழாய் வழியாகக் கீழே வாசலில் விழுந்திருக்கிறது. பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார். நோம்பி விரதம், காலில் செருப்புக் கிடையாது. ஈரத்தில் மிதித்து என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்கம்மணி! அம்மனுக்கு வெச்ச தண்ணிய யாராச்சும் தரைக்கு ஊத்துவாங்களா? நல்லா இருக்குதுங்களா இது? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க? படிச்ச புள்ள நீங்க..."

அடுக்கிக்கொண்டே போனார், மரியாதை துளியும் குறையாமல். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பின்னால் ஈரம் காய்ந்துகொண்டே வந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துத் திரும்பி ஓர் அடி வைத்தார். "அய்யோ!" என்று துள்ளி ஈரத்துக்கே வந்தார். அதுவும் முறம் அகலத்துக்குச் சுருங்கிவிட்டிருந்தது.

"காலு வேகுதுங்கம்மணி! கொடத்துல இன்னும் இருக்குதல்ல? ஊத்துங்க கண்ணு!"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.

"கம்பம் புடுங்கட்டுங்கக்கா. அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் ஒரு காலைத் தூக்கினார். அதைக் கீழே வைத்துவிட்டு மற்றக் காலைத் தூக்கினார்.

"எம்புள்ளையும் இங்கதானுங்க நின்னா," என்றேன். "இப்படித்தான் நின்னா."

பிறகு ஊற்றினேன், படி வரைக்கும். அவர் இறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் வாளியும் மட்டையுமாகச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிட்டது, வீட்டுக்கார அம்மா அனுப்பி. கம்பம் அப்போதும் கோயில் முன்னால் நின்றுகொண்டுதான் இருந்தது. என் மகள் கால் வெந்ததற்கு வராத சுண்ணாம்பு அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.