சுகிர்தம்மா தொடாமல் விட்ட கொப்புளங்கள்

ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கிளினிக்கின் ஷட்டரைத் தூக்கி, பெருக்கி, வந்திருந்த பெண்களுக்குத் தகர டோக்கன்களைக் கொடுத்து முடித்திருந்தேன். டாக்டர் சுகிர்தா காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேரும் நேரம். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் பாபு அண்ணன் உள்ளே வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே கத்துகிறவர், அன்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

"டாக்டரம்மா வூட்டுலர்ந்து போன் வந்திச்சிம்மா. குளிக்கப் போனவங்க அப்படியே வுழுந்துட்டாங்களாம். மாரடைப்புன்றாங்க. உயிர் போயிடிச்சாம்."

பெஞ்சில் இருந்தவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குகிறவள் நான். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. யாரும் உடனே எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிறைமாதக்காரி ஒருத்தி எழுந்து வந்து தன் டோக்கனை மேசைமேல் வைத்தாள். பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். டாக்டர் இருந்திருந்தால் எந்த வரிசையில் உள்ளே போயிருப்பார்களோ, அதே வரிசையில்.

இதைப் படிப்பவர்களில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குச் சுகிர்தம்மாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இத்தனை வருடம் நம் ஊர்களில் இருந்தும் பேச்சு மாறவில்லை. அவருடைய கோபமும் உங்களுக்குத் தெரியும். மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுவார். திட்டிய பிறகு டீக்கடையிலிருந்து பன்னும் டீயும் வாங்கி வரச் சொல்லி, திட்டு வாங்கியவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பது தெரிந்த நாளிலிருந்து என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. "ஏ பி.எஸ்ஸி., அடுத்த ஆளை வரச் சொல்லு" என்பார். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அப்படி யாரும் கூப்பிடுவதில்லை.

குழந்தை இல்லை என்று வருகிற பெண்ணிடம் அவர் போட்டிருந்த நிபந்தனை ஒன்றுதான்: கணவரும் வர வேண்டும். அதைச் சொல்லி அனுப்புவது என் வேலை. எனக்குப் பிடிக்காத வேலையும் அதுதான். ஒருமுறை கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் சட்டையை இன் செய்துகொண்டு வந்து நின்றார். "எனக்கு இன்னா கொறை டாக்டர்? என்னை எதுக்கு இஸ்துகினு வந்து ஒக்கார வெக்கிறீங்க?" என்றார்.

"குறை இருக்குன்னு யாரு சொன்னா? உங்க லைன்ல மெஷின் நின்னா, ஒரு பக்கத்தை மட்டும் கழட்டிப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவீங்களோ?"

பெஞ்சே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

இனி எழுதப் போவது என் அக்கா மல்லிகாவைப் பற்றியது. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. என்னை மாதிரி பயந்துகினு கீறவங்க படிக்கட்டும்" என்றாள்.

அக்காவை வடக்குப்பட்டில் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி வருடங்கள் போயும் குழந்தை இல்லை. வெளியூரில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டியபோது, கர்ப்பப்பை வாயில் கட்டி கட்டியாக இருக்கிறது, புண் மாதிரியும் தெரிகிறது, கரண்ட் வைத்துச் சுட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டி என்ற சொல் அந்த வீட்டையே கலைத்துப் போட்டது. சிலர் புற்றுநோய் என்றார்கள். சிலர் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொன்னார்கள். அடுத்த தைக்குள் கரு தங்காவிட்டால் அவள் கணவர் குமார் மாமாவுக்கு வேறு பெண் பார்ப்பது என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள். சுட்டுக்கொள்ளவும் பயம், சும்மா இருக்கவும் பயம் என்று மாதங்கள் போயின. கடைசியில் நான்தான் அக்காவையும் அவள் மாமியார் தனம்மாள் அத்தையையும் சுகிர்தம்மாவிடம் வரச் சொன்னேன்.

சோதிக்கும்போது கரண்ட் போய்விட்டது. "பி.எஸ்ஸி., டார்ச்சை எடுத்துட்டு வா" என்று குரல் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூசி நின்றேன். "அவ வரட்டும் டாக்டர்" என்று அக்காவே சொன்னாள். டார்ச்சைப் பிடித்தேன். "பாரு. உங்க வீடே நடுங்கினது இதுக்குத்தான்" என்றார் டாக்டர். வேகவைத்த ஜவ்வரிசி போல நாலைந்து சின்னக் கொப்புளங்கள், மங்கலாக, அசையாமல் இருந்தன. அவ்வளவுதான்.

பிறகு அக்காவை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "அந்த வாயில சின்னச் சின்ன சுரப்பி இருக்கும்மா. ஒண்ணு ரெண்டு மேல தோல் மூடிக்கிடும். உள்ள சுரக்கது வெளிய வர வழியில்லாம தங்கிப்போகும். அதான் இந்தக் கொப்புளம். நிறையப் பொம்பளைகளுக்கு இருக்கும், அவங்களுக்கே தெரியாது. கேன்சர் மாதிரி எனக்குத் தெரியல. ஆனா என் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்." லேசாகச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பினார். கெடுதல் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதைக் கேட்க அக்காவும் அத்தையும் மறுபடி வந்தார்கள்.

"அப்ப சுட வேணாமா?" என்றாள் அக்கா.

"என்னத்துக்குச் சுட? சுட்ட இடம் ஆறும்போது வாய் சுருங்கிப் போகலாம். பிள்ளை வேணும்னு வந்தவளுக்கு, போற வழியில நானே தழும்பு போட்டு அனுப்பவா? பின்னால கர்ப்பப்பைக்குள்ள குழாய் விட்டு வைத்தியம் பண்ற மாதிரி வந்து, எதாவது ஒண்ணு குறுக்க நின்னா, ஊசியால குத்தித் தண்ணியை எடுத்துக்கிடலாம். இல்லன்னா அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, இதற்குப் பேர் வைத்தியமா என்று வெளியே என்னிடம் முணுமுணுத்தார். அது உள்ளே கேட்டுவிட்டது. டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை.

"உங்க பிள்ளை ஏன் வரல?"

"அவன் நைட் ஷிப்டு டாக்டரம்மா. நான்தான் கேட்டு வாங்கிக்கோன்னேன்."

"என்னத்துக்கு?"

"புண்ணு ஆற வேணாமா? ஒண்ணா இருந்தா எப்படி ஆறும்? அதான் அவகூட நானே படுத்துக்கறேன். கருவாடு, கத்திரிக்கா ஒண்ணும் குடுக்கறதில்ல. அவ துண்ணாதத நானும் துண்றதில்ல."

"எவ்வளவு காலமா?"

"போன வருசம் பொங்கல்லர்ந்து."

சுகிர்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். தெருவுக்கே கேட்கப் போகிறது என்று நினைத்தேன். கேட்கவில்லை. "பிள்ளை உண்டாகலைன்னு அழுதது நீங்க. உண்டாகாம ராத்திரி பூரா காவல் இருந்ததும் நீங்கதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

அத்தை கொஞ்சநேரம் புரியாமல் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எனுக்கு இன்னா தெரியும்? புண்ணுன்னாங்க. கண்ணாட்டம் பாத்துக்கினேன்."

"பாத்துக்கிட்டீங்க. யாருமே உங்களுக்குப் புரியுத மாதிரி சொல்லல, அதான் தப்பு. போகும்போது நெத்திலிக் கருவாடு வாங்கிட்டுப் போங்க. ரெண்டு பேரும் சாப்பிடுங்க. பிள்ளையைப் பகல் ஷிப்டுக்கு மாத்திக்கச் சொல்லுங்க."

அன்று பன்னும் டீயும் திட்டு வாங்காமலேயே அத்தைக்குக் கிடைத்தன.

அந்த வாரமே, வேறு பெண் பற்றிப் பேச வந்த உறவுக்காரர்களிடம் அத்தை சொன்னதாக அக்கா சொன்னாள்: "நானே பிரிச்சி வச்சிட்டு அவமேல பழி போட்டா, நான் நல்லா இருப்பனா? எழுந்து போங்க."

சில மாதங்கள் பார்த்தும் கரு தங்கவில்லை. குமார் மாமாவுக்குச் செய்த சோதனையில் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. விந்தணுவைக் குழாய் மூலம் நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை சென்னையில் இருக்கிறது, நானும் கூட வருகிறேன் என்று சுகிர்தம்மா சொல்லியிருந்தார். அதற்குள்தான் அந்தப் புதன்கிழமை வந்துவிட்டது.

அவர் இல்லாமல் நாங்கள் போனோம். அங்கே சோதித்த இளம் டாக்டர், "வாய்ல சின்னச் சின்ன சிஸ்ட் இருக்கே, முதல்ல சுட்டுட்டு அப்புறம் பாக்கலாமா?" என்றார். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தைதான் முன்னால் போய்க் கேட்டார்: "அது போற வழிய அடைச்சிகினு கீதாம்மா?"

டாக்டர் மறுபடி பார்த்தார். "இல்ல பாட்டி, ஓரமாத்தான் இருக்கு."

"அப்போ வுட்டுடும்மா. பரிசோதன எல்லாம் பண்ணியாச்சி."

அவர் பழைய பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். சுடவில்லை. குழாய் தடையில்லாமல் போயிற்று.

அந்த முயற்சி பலிக்கவில்லை. அது தெரிந்த அன்று அக்கா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, சுங்குவார்சத்திரத்தில் இறங்கி கிளினிக்குக்கு வந்தாள். இடத்தைக் காலி செய்து கொடுக்க நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சென்னைக்குப் போகச் சொன்ன நாளில் சுகிர்தம்மாவிடம் தான் என்ன கேட்டாள் என்பதை அப்போதுதான் எனக்குச் சொன்னாள். கடைசிவரைக்கும் குழந்தை பிறக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். மற்றவர்களைப் போல, கடவுள் கைவிட மாட்டார் என்று அவர் சொல்லவில்லையாம். "பிறக்கும்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. பிறக்கலைன்னாலும் நீ எங்கிட்ட வரலாம். வந்து உக்காரு" என்றாராம்.

"அதான் வந்தேன்" என்றாள் அக்கா.

எனக்கும் அடுத்த முறை பலிக்கும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கட்டிக்கொண்டிருந்த சாமானை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்கள் வந்து நின்று போயின. அவளாக எழுந்திருக்கட்டும் என்று இருட்டும்வரை இருந்தேன். சுகிர்தம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். அவரிடம் வந்து உட்கார்ந்த மற்றவர்களுக்கும் இப்போது போக இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீடு வாலாஜாபாத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால். வரலாம்.