வெல்டா மாட்டிய மின்விசிறி

அரிசோனா எல்லையோரப் பாலைவன ஊரான பிளைத்தில் வாகன உதிரிபாகக் கடை ஒன்றின் கவுன்ட்டரில் இருபது வருஷம் நின்றவன் நான். வெல்டா ஸ்டாட்லரை அதற்கு முன்பே தெரியும். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். இது நடந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முலாம்பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை. அது ஊரிலிருந்து இருபத்திரண்டு மைல். அவர் கணவர் ஆரின், வயல்களுக்குப் போகும் கால்வாய் மதகுகளைத் திறந்து மூடுகிறவர். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய பிக்கப் வண்டி.

எண்பத்தேழு ஜூலையில் ஒரு சனிக்கிழமைக் காலை. என்ஜினில் ஏதோ டிக் டிக்கென்று சத்தம் வருகிறதென்று ஆரின் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"வெல்டா, ஏறி உக்காந்து ஆக்ஸிலரேட்டரை மிதி. கொஞ்சம் கொஞ்சமா."

"போதுமா?"

"இன்னும் மிதி. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

அந்த வண்டியின் ரேடியேட்டர் ஃபேன் என்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. என்ஜின் வேகம் கூடினால் அதுவும் வேகம் கூடும். ஆறு இரும்பு இறக்கைகளில் ஒன்று அடியோடு முறிந்து பறந்து வந்து ஆரினின் தாடைக்குக் கீழே வெட்டியது.

பானெட் தூக்கியிருந்ததால் வெல்டாவுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. "போதுமா?" என்று இன்னும் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். பதில் வராததால் மேலும் மிதித்திருக்கிறார்.

அடக்கத்தன்று தேவாலயத்துப் பெண்கள் கொண்டுவந்து அடுக்கிய சாப்பாட்டுப் பாத்திரங்களை அவர் திறக்கவே இல்லை. யார் கையைப் பிடித்தாலும் ஒரே வார்த்தைதான் வந்தது: "நான்தான் மிதிச்சேன்." ஆரினின் தம்பி ராய்ஸ் வண்டியைக் காயலான் கடைக்கு இழுத்துப் போகச் சங்கிலியோடு வந்தான்.

"இதை வாசல்ல வச்சுக்கிட்டு எப்படி இருக்கப் போறீங்க?"

"நான் வேலைக்கு எதுல போறது ராய்ஸ், உன் முதுகுலயா?"

அவன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து வெல்டா எங்கள் கடைக்கு வந்தார்.

"கர்ட்டிஸ், கரண்டுல ஓடுற ஃபேன் வேணும். என்ஜினோட சேந்து சுத்தக் கூடாது."

"மாட்ட ஆள் இருக்கா?"

"நான்தான் மாட்டப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்து உதவுகிறேன் என்றேன். நல்ல மனசு என்று நினைத்திருப்பார். அது நல்ல மனசு இல்லை.

காலை ஏழு மணிக்கே வண்டியின் தகரம் சுட்டது. ஸ்பேனரை என்னிடம் தரவில்லை. ஃபேனைப் பிடித்திருந்த நாலு போல்ட்டையும் அவரே கழற்றினார். மிச்சமிருந்த ஐந்து இறக்கைகளோடு அதை வெளியே எடுத்து, முறிந்த இடத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏன் பாதி பழுப்பா இருக்கு, பாதி பளபளன்னு இருக்கு?"

நான் குனிந்து, கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கினேன்.

"கர்ட்டிஸ், உன்னைத்தான் கேக்குறேன்."

"பழுப்பு, துரு. அங்க முன்னாடியே விரிசல் விட்டிருக்கு. மீதி அன்னிக்கு முறிஞ்சது."

"ஆரினுக்குத் தெரியுமா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. மே மாதமே ஆரின் கடைக்கு வந்திருந்தார். இறக்கையின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறது என்றார். மாத்திடுங்க என்றேன். "விக்கிறதுக்காகப் பயமுறுத்துறியா? சீசன் முடியட்டும், அதுவரைக்கும் ஓடும்" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

வெல்டா கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்தார். ஃபேன் மடியில் கிடந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே என்னை மிதிக்கச் சொன்னானா?"

"அப்ப அவருக்கு அது ஞாபகம் வந்திருக்காது."

"நீ அடக்கத்துக்கு வந்தே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. நான்தான் மிதிச்சேன்னு சொல்லிக்கிட்டிருந்தேனே, உன் காதுல விழலையா?"

"ஆரினைப் பத்தி நீங்க தப்பா நினைச்சிரக் கூடாதேன்னு..."

"அவனைக் காப்பாத்தினியா, உன்னைக் காப்பாத்திக்கிட்டியா?"

எதிர்வீட்டுக் குளிரூட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்தார்.

"வயரை எப்படிக் குடுக்கணும்னு காட்டு. முடிச்சுட்டுப் போ."

புது ஃபேனை ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டினோம். சூட்டை அறியும் கம்பியை மேலே செருகினோம். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, ஃபியூஸ் வைத்தோம். அவர் ஏறி உட்கார்ந்து, "தள்ளிப் போ, இன்னும் தள்ளி" என்று கத்தினார். நான் வேலி வரைக்கும் போன பிறகுதான் சாவியைத் திருப்பினார். காலை ஆக்ஸிலரேட்டர் பக்கமே கொண்டுபோகவில்லை. பத்து நிமிஷம் ஃபேன் அசையவில்லை. சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. பிறகு தானாகவே சுற்ற ஆரம்பித்தது, முள்ளும் நின்றது.

"என்ஜினை அணைச்ச பிறகும் இது சுத்தும். சட்டுன்னு கையை விட்டுடாதீங்க" என்றேன்.

"இதையாவது முன்னாடியே சொன்னியே" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. ஆயில் வாங்கக்கூட ஆற்றைத் தாண்டி அரிசோனா பக்கம் போவார். ஒன்பது வருஷம் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போய் வந்தார். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் அக்காவோடு பீனிக்ஸில் போய் இருந்தார், அங்கேயே இறந்தார். ஆரின் பக்கத்தில் தன்னைப் புதைக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தாராம். ஆரினின் கல்லறைக் கல்லில் வெல்டா பெயருக்காக விட்ட பாதி அப்படியே வெறுமையாக இருக்கிறது என்று ராய்ஸ் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, கடைக்கு வந்து யாராவது விரிசல், கசிவு என்று சொல்லிவிட்டு வாங்காமல் போனால், அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுவேன். முதலாளி திட்டுவார். சில வாடிக்கையாளர்கள் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.