சிரிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம்

எர்மீன் சிரித்தால் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் மூக்கில் ஒரு சீறல், அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு உறுமல், பிறகு கூரை இடிந்து விழுவதுபோல ஒரு சத்தம். பாதிரியார் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தபோது அவரைத் தூக்கிவிட்டுக்கொண்டே அப்படிச் சிரித்தாள். வேலைநிறுத்தத்தின்போது ஆலை முதலாளி சமாதானம் பேச வந்தார். ஒலிபெருக்கி கெட்டுப்போய் அவர் வாய் மட்டும் மீன் வாய் மாதிரி அசைந்தது. எர்மீன் தொடங்கிவைத்தாள், வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம், மனிதர் காரில் ஏறிப் போயே போய்விட்டார். எங்கள் கட்சிக் கிளைக்கு அந்தச் சிரிப்பின்மேல் ஏகப்பட்ட பெருமை.

பாரிஸை ஒட்டிய எங்கள் ஊரில் நகரசபை கம்யூனிஸ்டுகள் கையில்தான் இருந்தது. குழந்தைகள் காப்பகம், நீச்சல்குளம், நூலகம் எல்லாம் கட்சி கொண்டுவந்தவை. நான் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்தேன். எர்மீன் தெருக்கோடி சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து இருக்கை காட்டுவாள், இடைவேளையில் கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு ஐஸ் விற்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மழையோ பனியோ, சந்தை வாசலில் கட்சிப் பத்திரிகையோடு நிற்பாள். அவளிடம் வாங்காமல் யாரும் தப்பிக்க முடியாது. போலீஸ்காரர்கூட வாங்குவார்.

அப்பா அம்மா இல்லாத, பிரான்சின் மேற்குக் கோடியைச் சேர்ந்த பிரெத்தோன் இனப் பெண் அவள். வீட்டு வேலைக்கென்று கடற்கரைக் கிராமத்திலிருந்து ரயிலேறி வந்தவள். எஜமானி வீட்டு மொட்டை மாடி அறையில் காய்ச்சலோடு கிடந்தபோது, எட்டிப் பார்த்தது எஜமானி இல்லை, சங்கத்துத் தோழர்கள்தான். போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவன் லூசியான். அவனையே கட்டிக்கொண்டாள். கட்சிதான் அவளுக்குப் பிறந்த வீடு. அதை அவளே சொல்வாள், வெட்கப்படாமல் சொல்வாள்.

அந்த லூசியான்தான் எங்கள் கிளைச் செயலாளர். தங்கமான ஆள், ஆனால் முகத்தில் மட்டும் எப்போதும் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும்.

அந்த இலையுதிர் காலத்தில் கொட்டகைக்கு ஒரு சிரிப்புப் படம் வந்தது. நம் பிரெஞ்சு நடிகர்களே கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு ரஷ்யர்களாக நடித்து, மாஸ்கோ வாழ்க்கையைக் கிழிகிழி என்று கிழித்திருந்தார்கள். லூசியான் அவசரக் கூட்டம் போட்டான்.

"பாரிஸ் பத்திரிகைக்காரன் ஒருத்தன் சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்கு வரானாம். செவப்பு ஊர்க்காரங்க எப்படி முழிக்கிறாங்கன்னு எழுதப் போறானாம்."

"அதுக்கென்ன, யாரும் போகாம இருந்துட்டாப் போச்சு," என்றேன் நான்.

"போகலைன்னா பயந்துட்டாங்கன்னு எழுதுவான், சொலாஞ்ச். நாம போறோம். டிக்கெட் வாங்கி, கொட்டகை நெறைய ஒக்கார்றோம். ஆனா ஒருத்தர் சிரிக்கக் கூடாது. தொழிலாளிங்க சிரிக்கவே இல்லைன்னு அவன் எழுதட்டும்."

டாக்டர் ரிவால் கையைத் தூக்கினார். "இருமலாமா, தோழர்?"

"இருமலாம்."

எல்லார் கண்ணும் எர்மீன் பக்கம் போயிற்று. லூசியானும் பார்த்தான். பார்த்துவிட்டு, அடிக்குரலில் ஒன்று சேர்த்தான்: "சிரிக்கிறவங்க யாரா இருந்தாலும் கட்சி அட்டையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகணும்."

"ஏன் எல்லாரும் என்னையே மொறைக்கிறீங்க?" என்றாள் எர்மீன். "வாயில கைக்குட்டையத் திணிச்சுக்கறேன், போதுமா?" அவளும் கை தூக்கினாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அட்டை போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். வீடுகளுக்கு வண்ணம் பூசும் கிழவர் பத்தீஸ்த் இருந்தாரே, பிராக் நகருக்குள் ரஷ்ய டாங்கிகள் போனபோது எழுந்து நின்று "இது எதுக்கு?" என்று கேட்டவர். அவரை விலக்கினோம். அப்புறம் அவர் மதுக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். அவர் மனைவி செத்தபோது சவ ஊர்வலத்தில் எங்கள் தெருவிலிருந்து நடந்தது எர்மீன் ஒருத்திதான். வீட்டில் லூசியான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. "பேசாட்டி போ, சூப்பை நீயே சுட வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டாள். ஆனால் பத்தீஸ்த் தனியாக நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் வெளுத்துவிடும். "நானா இருந்தா செத்தே போயிடுவேன்," என்பாள் என்னிடம்.

சனிக்கிழமை கொட்டகை நிரம்பியது. கையைக் கட்டிக்கொண்டு, சவத்துக்குக் காவல் இருப்பவர்கள்போல உட்கார்ந்தோம். எர்மீன் பின்சுவரில் சாய்ந்து நின்றாள், நிஜமாகவே வாயில் கைக்குட்டையோடு. நான் கடைசி வரிசை, அவளுக்குப் பக்கத்தில்.

படம் தொடங்கியது. ஐயோ, என்ன சித்திரவதை! வரிசையில் நிற்பவர்கள் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார்கள். முன்னால் ஒருத்தருக்குக் கிடார் கம்பி, பின்னால் ஒருத்தருக்கு ஒற்றைக்கால் செருப்பு. என் வயிறு தானாகவே குலுங்கியது. முன்வரிசையில் டாக்டர் காசநோய்க்காரர் மாதிரி இருமித் தள்ளினார். கொட்டகை முழுக்க இருமல். எர்மீன் மட்டும் அசையவில்லை.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. பிரான்சிலிருந்து தோழர்கள் குழு ஒன்று மாஸ்கோ குடியிருப்பைப் பார்க்க வருகிறது. கட்டடத்துக்கே ஒரு ஃப்ரிட்ஜ்தான். குழு முன்படியில் ஏற ஏற, காவலாளியும் அவன் மச்சானும் அதே ஃப்ரிட்ஜைப் பின்படியில் சுமந்து அடுத்த வீட்டில் வைக்கிறார்கள். மூன்றாம் மாடிக்கு வரும்போது ஃப்ரிட்ஜின் கதவே காவலாளி கையோடு வந்துவிடுகிறது. பிரெஞ்சுக் குழுத் தலைவர் வீட்டுக்கு வீடு அதே ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கண் கலங்கி, "எல்லாருக்கும் ஒரே மாதிரி! இதுவல்லவா சமத்துவம்!" என்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. எர்மீனும் லூசியானும் பல வருஷம் முன்பு அப்படி ஒரு குழுவில் மாஸ்கோ போய் வந்தவர்கள். லூசியான்தான் தலைவன். போன வீட்டிலெல்லாம் நீல எனாமல் கெட்டிலில் டீ கொடுத்தார்களாம், மூக்கு நசுங்கிய கெட்டில். திரும்பும் ரயிலில் எர்மீன் கேட்டிருக்கிறாள், எப்படி எல்லார் வீட்டிலும் அதே கெட்டில் என்று. "ஒரே தொழிற்சாலையில செஞ்சது, அதான் சமத்துவம்," என்றானாம் லூசியான். "நசுங்கினதுமா?" என்று இவள் கேட்டாளாம். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டானாம். ஆனாலும் ஊருக்கு வந்து வருஷக்கணக்காக அந்தக் கெட்டிலைப் பற்றிச் சந்தையில் பெருமையாகப் பேசியவளும் அவள்தான்.

மூக்கில் சீறல் கேட்டது.

"அடியேய், வேணாம்டி," என்று கிசுகிசுத்தேன்.

"கெட்டிலு, சொலாஞ்ச்," என்றாள். அவ்வளவுதான். கைக்குட்டை பறந்தது. உறுமல் வந்தது. கூரை விழுந்தது. சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள், டார்ச் உருண்டு ஓடியது. அவள் தொடங்கியபின் யாரால் அடக்க முடியும்? டாக்டர் சிரித்தார், நான் சிரித்தேன், மொத்த ஊரும் கண்ணில் நீர் வரச் சிரித்தது. லூசியான் மட்டும் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். பிறகுதான் தெரிந்தது, பத்திரிகைக்காரன் வரவே இல்லை. வேறு ஏதோ படத்துக்குப் போய்விட்டானாம், படுபாவி.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தீர்மானம் தீர்மானம்தான் என்றான் லூசியான். வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். "நரம்புத் தளர்ச்சின்னு நான் சான்றிதழ் எழுதித் தரேன். நோயில சிரிச்சாங்க, தோழர். அதுல அரசியல் இல்லை."

நாங்கள் எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம். எர்மீன் எழுந்தாள்.

"எனக்கு ஒரு நோயும் இல்லை, டாக்டர். வேடிக்கையா இருந்துச்சு, சிரிச்சேன். பாதிரியாரப் பாத்துச் சிரிச்சேன், கைதட்டினீங்க. மொதலாளியப் பாத்துச் சிரிச்சேன், தோள்ல தூக்கினீங்க. சனிக்கிழமை நான் சிரிச்சது மாஸ்கோவப் பாத்து இல்ல. கெட்டில நம்பின என்னைப் பாத்துத்தான். அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்." பையைத் திறந்தாள். "ஆனா தீர்மானத்துக்குக் கை தூக்கினவ நான். மீறினதும் நான். எனக்காகச் சட்டத்த வளைச்சா, பத்தீஸ்த் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்த கை உடனே விலகவில்லை. எத்தனை பேருக்கு வரும் அந்தத் தைரியம்? எனக்கு வராது. சான்றிதழை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பேன்.

லூசியான் மேஜையைப் பார்த்தபடியே கேட்டான்: "தோழர் எர்மீனை விலக்க ஆதரவு?"

ஒரு கை உயர்ந்தது. அவள் கை. நேராக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எதிர்ப்பு?"

எல்லாக் கையும் போயிற்று மேலே. டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார். செயலாளர் ஓட்டுப் போடும் வழக்கம் எங்கள் கிளையில் கிடையாது. லூசியான் போட்டான்.

எர்மீன் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள், கூட்டம் முடிந்ததே தெரியாமல். அவன் மேஜையைச் சுற்றி வந்தான். அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.

"நீ தோத்துட்டே, எர்மீன்," என்றான். "மொத்தக் கிளையும் உனக்கு எதிரா ஓட்டுப் போட்டுடுச்சு."

அவள் இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தோம். அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, அவள் ஓவென்று அழுதாள்.