இரண்டாவது போர்ட்

பேய்க் கதை என்றால் நடுநிசி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்ததில் இரண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே விடாத மழை. மாடி வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

செல்போன் பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. வீட்டில் நான் மட்டும்தான். எனக்கு ஒரே தம்பி, வெளியூரில் இருக்கிறான். அம்மா போன பிறகு அவன் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டான். வரும்போதே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வருவான். ஷூவைக் கழற்ற மாட்டான். பை தோளிலேயே தொங்கும். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று கிளம்பிவிடுவான். ஒரே ஒரு ராத்திரி அவன் என்னோடு தங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அதற்காகத்தான் அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கினேன். சின்ன வயதில் நாங்கள் அடித்துக்கொண்டு விளையாடிய அதே மாடல். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு அம்மாள் விற்றார். ஒரே குறை, கண்ட்ரோலர் செருகும் இரண்டு போர்ட்டுகளில் இரண்டாவது இல்லை. அந்த இடத்தில் ஒரு தகடு.

"அது அப்படியே இருக்கட்டும்மா" என்றார் அந்த அம்மாள்.

ஒருவர் மட்டும் ஆடுவதற்கா நான் வாங்கினேன்?

பெட்டியைத் திறந்தபோது ஒன்று உறுத்தியது. போர்ட் உடைந்து விழுந்திருந்தால் சர்க்யூட் பலகையில் செம்புக் கோடுகள் பிய்ந்திருக்கும். இங்கே போர்ட்டின் ஊசிகள் நுழையும் ஏழு துளைகளும் பல் விளக்கியதுபோல் சுத்தம். யாரோ பொறுமையாக ஈயத்தை உருக்கி, வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். தகட்டைச் சுற்றி மூன்று அடுக்குப் பசை.

வேறொரு செத்த பெட்டியிலிருந்து போர்ட்டைக் கழற்றிவந்து பற்றவைத்தேன். சரிபார்க்க, மின்தடையை அளக்கும் மீட்டரை எடுத்தேன். ஏழு ஊசிகளில் இரண்டு எதோடும் சேராதவை. அவற்றில் மீட்டரை வைத்தால் ஒன்றும் காட்டக் கூடாது.

காட்டியது.

ஒரு எண். அது மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

எனக்கு அந்த எண்ணைத் தெரியும். மீட்டர் முனைகளை விரல்களால் பிடித்துக்கொண்டால் உடம்பு வழியாக இப்படித்தான் வரும். கை வியர்க்க வியர்க்கக் குறையும்.

ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். அதே எண். கடைசியில் போர்ட்டின் வாயில் என் சுண்டு விரலை வைத்தேன்... எண் சட்டென்று மறைந்தது. யாரோ கையை இழுத்துக்கொண்டதுபோல.

மழை ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு மணிக்குத் தம்பி வந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் பத்து வயதுக்குப் போய்விட்டது.

"இதை எங்கக்கா புடிச்ச?"

"உக்காருடா. ஒரு ஆட்டம்."

"உனக்குத்தான் தாண்டவே தெரியாதே. பொத்துனு விழுவ."

"நீ மட்டும் ரொம்ப ஒழுங்கு! ஷூவோடவே உக்காரு, துரை."

இரண்டு தவளைகள் ஆற்றைக் கடக்க வேண்டும். ஒன்று விழுந்தால் இரண்டுமே முதலிலிருந்து. நான் விழுந்துகொண்டே இருந்தேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். டீ போட எழுந்தேன். காலில் தட்டாமலிருக்க என் கண்ட்ரோலரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டுப் போனேன்.

சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து தவளை தாவும் சத்தம். டொக்...

டொக். டொக்.

இரண்டு தவளைகள்.

டீயோடு வந்தேன். ஷூவைக் கழற்றியிருந்தான். பை ஆணியில் தொங்கியது. ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் திரையைப் பார்த்தேன்.

இரண்டாவது தவளை முன்னால் தாவியது. நின்றது. அவனுக்காகக் காத்திருந்தது.

என் கண்ட்ரோலர் சுருட்டியபடி அலமாரியில் இருந்தது. இரண்டாவது போர்ட் காலி.

5.40. தெருமுனையில் அவனுடைய பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவன் திரும்பவில்லை.

"டீ ஆறுதுடா..."

"அப்புறம். அவ காத்துட்டிருக்கா."

"யாரு?"

"அக்கா."

"நான் இங்க நிக்கறேன்டா!"

மெதுவாகத் திரும்பினான். வழி தவறி உள்ளே வந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"நீங்க யாருங்க?"

பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை இருண்டது.

டொக்.

பிறகுதான் அடங்கியது.

தம்பி கண்ணைக் கசக்கினான். "மணி என்னக்கா? ஐயோ, பஸ் போயிடுச்சா?" என்றான். அவனுக்கு எதுவும் நினைவில்லை.

அன்றிரவு அவன் தங்கினான். நான் ஆசைப்பட்டது நடந்தது. எனக்குத்தான் பொட்டுத் தூக்கம் இல்லை. போர்ட்டைக் கழற்றி, தகட்டை மறுபடி ஒட்டினேன்.

விடிந்ததும் அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"திரும்ப வச்சுட்டீங்களா?"

"...ஆமாங்க."

"வீட்டுல தம்பி யாராவது இருக்காங்களா?"

"இருக்கான்ங்க."

"எங்க பையன் சோறு தண்ணி இல்லாம அது முன்னாடியே கெடந்தாம்மா. கூப்பிட்டா, 'அக்கா காத்துட்டிருக்கா'ம்பான். ஒருநாள் என்னையே யாருன்னு கேட்டான். அப்புறம்தான் கழட்டினோம்."

"உங்க பொண்ணு..." எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. "அவங்களுக்கு என்ன ஆச்சு?"



"எனக்குப் பொண்ணே கெடையாதும்மா. அவன் ஒத்தைப் பிள்ளை."

போன் கையிலேயே இருந்தது. பின்னால் தம்பி ஷூ மாட்டும் சத்தம்.

"போயிட்டு வரேன்க்கா."

திரும்பினேன்.

அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பெட்டி இருந்த பக்கம் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தான்.