ஆகாயத்து மச்சான்

விண்வெளி நிலையத்தில் வேலை செய்கிறவர்களை இப்போது தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டுகிறார்கள். ஒருவர் நிலையத்துக்கு வெளியே வந்து மிதந்தபடியே எதையோ திருகிக்கொண்டிருப்பார். வீட்டில் எல்லோரும் கீழே சுழலும் பூமியைப் பார்த்து வாய் பிளப்பார்கள். நானோ அவரைக் கட்டியிருக்கும் கயிறு எங்கே போய் முடிகிறது என்று தேடுவேன். எழுபதுகளில் தூத்துக்குடியில், சங்கு குளிக்கிற ஒருவரின் வீட்டு மாடியில் குடியிருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

நான் தாமிரபரணிக் கரையின் வயல் ஊர்க்காரி. கடற்கரைப் பள்ளியில் விஞ்ஞான டீச்சராகப் போனபோது இருபத்து மூன்று வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வேறு. வீட்டுக்கார அண்ணாச்சி அதிகம் பேசமாட்டார். எட்டுப் பாகம், அதாவது ஐம்பதடி ஆழத்தில் மூச்சடக்கிச் சங்கு பொறுக்கும் மனிதருக்கு, மேலே வந்த பிறகும் மூச்சைச் செலவழிக்க மனம் வரவில்லை போலும் என்று அவர் மனைவியிடம் கேலி செய்வேன். அந்த அக்கா சிரிப்பாள். ஆனால் நான் குடிவந்த இரண்டாம் மாதமே அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

கடலுக்குள் இறங்குகிறவரின் இடுப்பில் ஒரு கயிறு. அவர் கீழிருந்து சுண்டினால், வள்ளத்தில் மறுமுனையைப் பிடித்திருப்பவர் உடனே தூக்கிவிட வேண்டும். அப்படிப் பிடிப்பவர் மனைவியின் கூடப்பிறந்தவராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? "மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு உங்க ஊர்ல சொல்லுவாவல்லா டீச்சர், இங்கன கடல்ல எறங்கவே வேணும்" என்பாள் அக்கா. அவள் அண்ணன்தான் பத்து வருஷமாக அந்தக் கயிற்றைப் பிடித்துவந்தார்.

அக்காவின் கைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் வந்தது. ஊரெல்லாம் வீடு தேடிப் போய் அழைத்த அண்ணாச்சி, மச்சான் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. சொந்த மச்சானுக்கு என்ன அழைப்பு என்று இருந்துவிட்டார். மச்சான் வரவில்லை. மறுநாள் கடற்கரையில் நாலுபேர் முன்னால் கேட்டார்: "எம் மருமவனுக்குத் தலையில தண்ணி ஊத்துததுக்கு நான் வேண்டாம், இவன் கயித்தப் பிடிக்க மட்டும் நான் வேணுமோ?" அதோடு சரி. அண்ணாச்சி ஒரு கூலியாளைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டார்.

அந்த ஆள் ஒரு நாள் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கயிறு சுண்டியிருக்கிறது. அண்ணாச்சி மூக்கில் ரத்தம் வழிய வீடு வந்தார். அன்றிலிருந்து வள்ளம் கரை சேரும்வரை அக்கா அடுப்பைப் பற்றவைப்பதில்லை. "கை வரமாட்டேங்கு டீச்சர். நீங்க படிச்சவிய, ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்து அழுதாள். சொன்னேன். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான், "வயக்காட்டுல பொறந்தவியளுக்கு இதெல்லாம் வெளங்காது" என்று சொல்லி அனுப்பினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு ஆண்களின் வறட்டு ரோஷத்துக்கு ஒரு பெண் தினமும் செத்துப் பிழைப்பதா?

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு படம் காட்டினார்கள். பூமியைச் சுற்றும் நிலையத்தில் மூன்று பேர் வாழும் கதை. வள்ளத்தின் பழைய பாய்த்துணிதான் திரை. பேச்சு இங்கிலீஷில் ஓட, பக்கத்தில் நின்று நான் தமிழில் சொன்னேன். சுவரோடு கட்டிய பையில் நின்றபடி ஒருவர் தூங்கினார். சிந்திய தண்ணீர் கோலிக்குண்டாகி மிதக்க, இன்னொருவர் அதை வாயால் பிடித்து விழுங்கினார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. "ஏளா, இவனுக்குப் பாத்திரம் கழுவுத வேலையே இல்ல!" என்று ஒருத்தி கத்தினாள்.

அப்புறம் ஒருவர் கதவைத் திறந்து வெளியே போனார். இடுப்பிலிருந்து நீண்ட கயிறு. வாசலில் நின்ற இன்னொருவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். மண்டபத்தில் சத்தம் அடங்கிவிட்டது. முன்வரிசையிலிருந்த கிழவி ஒருத்தி கேட்டாள்: "கயித்தப் பிடிச்சிருக்கவன் அவனுக்கு என்ன முறை டீச்சர்?"

"முறையெல்லாம் இல்ல பாட்டி. கூட வேலை பாக்குறவர்."

"ஐயோ பாவம், ஆரோ ஒருத்தன் கையில உசுரக் குடுத்துட்டுப் போறானே!" மண்டபமே உச்சுக்கொட்டியது. தரையில் உட்கார்ந்திருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் படித்த விஞ்ஞானமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"இருங்க, தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "இப்பதான் படத்துல சொல்றாங்க. அவர் மச்சானாம்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். பின்சுவரில் சாய்ந்து நின்ற அக்காவின் அண்ணன் குரல் கொடுத்தார்: "பிள்ளை ஞானஸ்நானத்துக்கு அந்த மச்சானக் கூப்பிட்டானாமா?"

எல்லோரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். ஒரு பொய் சொன்னாயிற்று, இன்னொன்றில் என்ன வந்தது?

"கூப்பிடலையாம்" என்றேன். "இருந்தும் கயித்த விடலையாம்."

மச்சான் சுவரைவிட்டு விலகி வெளியே போனார்.

மறுநாள் விடியற்காலையில் அக்காவுடன் நானும் கடற்கரைக்குப் போனேன். வள்ளத்தைத் தள்ளும் நேரத்தில் மச்சான் வந்து ஏறி, கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூலியாள் தானாக இறங்கிக்கொண்டான். அண்ணாச்சி கடலைப் பார்த்திருந்தார், அவர் கரையைப் பார்த்திருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பள்ளிக்கூடத்தில் மணி அடித்து நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது வள்ளம் இன்னும் கடலில்தான் இருந்தது. மாடிப்படி முழுக்கச் சீலா மீன் குழம்பு மணத்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு இரண்டு கிண்ணம் கிடைத்தது.

சாயங்காலம் அண்ணாச்சி மாடிக்கு வந்தார். அதுவரை ஒருநாளும் அவர் படியேறி வந்ததில்லை. வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், அந்த ஆகாசத்துக்காரன்..."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வீடு தேடிப் போய்க் கூப்பிடாதது அவன் தப்புதான்."

"தப்புதான் அண்ணாச்சி" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையை அன்று திங்கட்கிழமையில் போட்டிருந்தார். தெருமுனையில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். பிறகு மச்சான் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.