கொதிக்கும் கஞ்சியும் கமலாவின் வயிறும்

பத்து நாள் முன்பு டாக்டர் என்னைக் கேட்டார்: "பவுடரை எதுல சார் கலந்து குடுக்கறீங்க?"

"கஞ்சியில டாக்டர். கொதிக்கக் கொதிக்க! நானே காய்ச்சறேன்." எனக்கு ஏகப் பெருமை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அது உயிரோட இருக்கிற நல்ல பாக்டீரியா சார். அவ்ளோ சூட்டுல போட்டா செத்துடும்."

பதினோரு நாள்... கோடிக்கணக்கான உயிர்கள்... கொசுவை அடிக்கவே யோசிக்கிற ஆள் நான்! பக்கத்தில் என் மனைவி கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கமலாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன் – அவளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். திருவண்ணாமலையிலிருந்து தினமும் வேலூருக்கு பஸ்ஸில் போய் ரேடியேஷன் எடுத்துக்கொள்கிறாள். அடிவயிற்றில் கதிர் படுவதால் குடல் புண்ணாகலாம், பேதியாகலாம் என்று முதலிலேயே எச்சரித்தார்கள். அதைத் தடுக்கத்தான் அந்தப் பவுடர். "சிலருக்கு நல்லா கேக்குது. கேரண்டி கிடையாது" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

நோய்க்குக்கூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. பஸ்ஸுக்குத்தான் பயந்தாள்.

"ஏங்க, நடுவழியில ஒரு தடவ வயித்தக் கலக்குச்சுனா, அதோட ட்ரீட்மென்ட்ட நிறுத்திடுவேன். அத்தினி பேர் முன்னால மானம் போவணுமா?"

விடாமல் முடித்தால்தான் பலன் என்கிறார் டாக்டர். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அப்புறம் மோரில் கலந்து கொடுத்தேன். நாலு நாள் வயிறு சமத்தாக இருந்தது. ஐந்தாம் நாள், போளூர் தாண்டியதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. ரோட்டோரம் ஒரு வீடு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை. "உள்ள வாம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

"மெதுவா வரட்டும் சார்" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சீட்டுக்காகச் சண்டை போடுகிற ஜனங்கள்தான்... ஆனால் ஒருவருக்கு முடியவில்லை என்றால்? அந்த நிமிடமே சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைய ரேடியேஷன் முடிந்து வீடு திரும்பியதும் கமலா போய்ப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், நாளைக்கு வரமாட்டாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை மோர் டம்ளரோடு தயங்கித் தயங்கிப் போனேன். புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். கையில் ஒரு பாட்டில்.

"சீக்கிரம் கிளம்புங்க. அந்த அம்மாவுக்கு எலுமிச்சங்கா ஊறுகா எடுத்துருக்கேன். அங்க ஒரு நிமிஷம் நிறுத்துவாங்களானு கண்டக்டரக் கேளுங்க!"